ஏணி எதில் சாய்கிறது?

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளுக்கு முன்னால் ஏணிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அலுமினியம், ஃபைபர் கிளாஸ், மடக்குவது, நீட்டுவது என்று பல வகை. வாங்க வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது இரண்டே கேள்விதான்: எத்தனை அடி, என்ன விலை? அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று. இதை எதில் சாய்க்கப் போகிறோம்?

படிக்கட்டு கட்டடத்தோடு சேர்ந்தது, கட்டிய இடத்திலேயே இருக்கும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். நெட்டாக இரண்டு கால்கள், இடையில் ஏறத்தாழ ஒரு அடிக்கு ஒரு படி, அவ்வளவுதான் அதன் உடம்பு. ஆனால் அது தானாக நிற்காது. கீழே ஊன்றிக்கொள்ள ஒரு தரையும், மேலே சாய்ந்துகொள்ள ஒரு சுவரோ கிளையோ வேண்டும். இரு பக்கமும் கால் உள்ள மடக்கு ஏணிகூட, தன் ஒரு பாதியை மற்றப் பாதியில் சாய்த்துத்தான் நிற்கிறது.

ஏணி என்றதும் நமக்குப் படிகள்தான் ஞாபகம் வரும். உண்மையில் ஏணியின் விஷயம் முழுவதும் அதன் இரண்டு நுனிகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வெள்ளவத்தையில் பெயின்ட் அடிக்கும் ஏணி, நடுக்கடலில் கப்பலில் தொங்கும் ஏணி, எவரெஸ்ட்டில் கிடக்கும் ஏணி, பேச்சில் வரும் ஏணி, எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

நாலுக்கு ஒன்று

முதலில் சுவரில் சாயும் சாதாரண ஏணி. இதில் கொஞ்சம் பள்ளிக்கூட பௌதிகம் உண்டு, பயப்பட வேண்டாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏணியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாரத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தாங்குவது தரைதான். சுவர் பாரத்தைத் தாங்குவதில்லை; ஏணியின் தலை உள்ளே போய்விடாமல் எதிர்த்துத் தள்ளுகிறது. சுவர் மேலே எவ்வளவு தள்ளுகிறதோ, அதே அளவு விசையோடு ஏணியின் கால் கீழே சுவரை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். அப்படி ஓடாமல் பிடித்து வைத்திருப்பது தரையின் உராய்வு மட்டுமே.

இப்போது எண்களைப் போடுவோம். ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரம், ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி. இந்த மனிதர் உச்சியில் நிற்கும்போது, அவருடைய பாரத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 15 கிலோ அளவு விசை, காலை வெளியே தள்ளும். பாதி உயரத்தில் நின்றால் அதில் பாதி, ஏழரைக் கிலோ. சரி, யாரோ அவசரத்தில் காலை 6 அடி தள்ளி வைத்துவிட்டார், சுவரைத் தொடும் உயரம் அதே 12 அடிதான். இப்போது உச்சியில் தள்ளும் விசை 30 கிலோ. ஏணியின் சொந்த எடையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நம் தரை 18 கிலோவரைதான் பிடித்துக்கொள்ளும் என்று வையுங்கள். முதல் ஏணியில் உச்சிவரை போய் வரலாம். இரண்டாவது ஏணி ஏழடி உயரம் தாண்டியதும் சறுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாவது ஏணி முதற் படியில் என்ன செய்தது என்பதை. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிற்கும்போது வெறும் இரண்டரைக் கிலோ விசைதான் காலைத் தள்ளுகிறது. அசையவே அசையாது. கீழ்ப் படியில் ஏறி இரண்டு தரம் குதித்துப் பார்த்துவிட்டு, 'ஆ, நல்ல ஸ்ட்ரோங்' என்று சொல்லி ஏறுகிற பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அந்தச் சோதனையில் படி உடையுமா என்பது தெரியும், ஏணி சறுக்குமா என்பது தெரியவே தெரியாது. ஏணி உங்களை நடுவழிவரை கூட்டிக்கொண்டு போய்த்தான் கைவிடும்.

அதனால்தான் உலகம் முழுக்க வேலைத்தளங்களில் சொல்லும் விதி, உயரம் நாலு பங்கு என்றால் கால் ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும் என்பது. சாய்வு ஏறத்தாழ 75 பாகை வரும். அளவுநாடா இல்லையா? ஏணியின் காலடியில் உங்கள் கால்விரல்கள் படும்படி நேராக நின்று, கைகளைத் தோள் மட்டத்தில் முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சாய்வு சரி. இதைவிட நெட்டாக வைத்தால் கால் சறுக்காது, ஆனால் மேலே கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தாலே ஏணி உங்களோடு சேர்ந்து மல்லாந்துவிடும்.

கீழே ஒருவர் ஏணியைப் பிடிப்பது எதற்கு? அவர் கையால் பிடிப்பதைவிட அடிப்படியில் ஏறி நிற்பது நல்லது. அவருடைய எடை காலைத் தரையில் அழுத்தி உராய்வைக் கூட்டும், வெளியே தள்ளும் விசையையோ அநேகமாகக் கூட்டாது. ஒரு கையில் ஏணியும் மறு கையில் ஃபோனுமாக நிற்கும் தம்பியால் பெரிய பயன் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பில் தரைதான் முதல் எதிரி. மழைக்காலத்தில் சீமெந்து முற்றங்களில் பாசி பிடிக்கும், வீட்டுக்குள் டைல்ஸ். ஏணியின் கால்களில் உள்ள ரப்பர் தேய்ந்து வெறும் அலுமினியம் மட்டும் இருந்தால் அந்த ஏணியால் டைல்ஸ் மேல் ஒரு வேலையும் செய்யக் கூடாது. மேல் நுனிக்கும் இதே கவனம் வேண்டும். பிளாஸ்டிக் பீலியில் சாய்ப்பது, ஜன்னல் கண்ணாடியில் சாய்ப்பது, கூரை ஷீட்டின் ஓரத்தில் சாய்ப்பது எல்லாம் ஒரே வகைத் தவறு: பிடித்துக்கொள்ளத் தெரியாத ஒன்றிடம் போய்ச் சாய்வது. தண்ணீர்த் தாங்கி கழுவ மேல்தட்டுக்கு ஏறுகிறீர்கள் என்றால், ஏணி தட்டின் விளிம்பைத் தாண்டி மூன்றடியாவது மேலே நீண்டிருக்க வேண்டும். ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும் நேரத்தில்தான் பிடிக்க எதுவும் இல்லாமல் போகும், இறங்கும்போது அது இன்னும் மோசம்.

ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். பெயின்ட் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினால் இந்தக் கணக்கு உதைக்கும். வாளியைக் கயிறு கட்டி மேலே இழுத்தால் போதும். கை எட்டவில்லை என்று பக்கவாட்டில் உடம்பை வளைப்பதைவிட, இறங்கி ஏணியை இரண்டடி நகர்த்துவது சோம்பலாகத்தான் இருக்கும். செய்யுங்கள்.

அப்புறம் மின்சாரம். ஒடுங்கிய ஒழுங்கைகளில் மேல்மாடி ஜன்னலை ஒட்டியே வயர் போகும் நகரம் இது. அலுமினிய ஏணி நல்ல மின்கடத்தி. அதை நிமிர்த்தும்போது அதன் தலை எங்கே போகிறது என்று பார்க்காமல் நிமிர்த்தியவர்கள் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். லைன் வேலைக்கு ஃபைபர் கிளாஸ் ஏணி வைத்திருப்பது அதற்காகத்தான். காய்ந்த மூங்கில் பரவாயில்லை என்பார்கள். மழையில் நனைந்த மூங்கில் வேறு பொருள், அதை நம்ப முடியாது. வெசாக் காலத்தில் தெருவெல்லாம் பல்ப் கட்ட ஏறும் பொடியன்களுக்கு இதை யாராவது ஒருதரம் சொல்லிவைப்பது நல்லது.

ஏணியே இல்லாமல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். கொழும்புக்குத் தெற்கே கரையோரத் தென்னந்தோப்புகளில் கள் இறக்குபவர்கள், மரத்தில் தேங்காய் மட்டைகளைக் கட்டி அவற்றையே படியாக்குவார்கள். ஒரு மரத்தில் ஏறிவிட்டால், தலைக்கு மேல் ஒரு கயிறும் காலுக்குக் கீழ் ஒரு கயிறுமாக மரத்துக்கு மரம் கட்டிய பாதையில் நடந்துபோய்விடுவார்கள். ஒவ்வொரு மரமாக இறங்கி ஏறும் வேலை மிச்சம்.

கடலில் தொங்கும் ஏணி

காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் தெரியும். அவை துறைமுகத்துக்குள் வருவதற்கு முன்னால், இந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் தெரிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏற வேண்டும். கப்பல் நிற்காது, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பைலட்டின் சிறிய படகு அதன் பக்கத்தில் ஒட்டிப் போகும். அவர் ஏறுவது கயிற்றேணியில். ஆயிரக்கணக்கான கொள்கலன்களை மின்சாரப் பாரந்தூக்கிகள் இறக்கும் இந்தக் காலத்திலும், கப்பலுக்குள் முதல் மனிதர் போவது இரண்டு கயிறும் சில மரப்பலகைகளும் சேர்ந்த ஒன்றைப் பிடித்துத்தான்.

இது நம் சுவரேணியின் தலைகீழ். மேல் நுனி கப்பலின் தளத்தில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், கால் அந்தரத்தில் தொங்கும். சாய்வதற்குக் கப்பலின் இரும்புச் சுவர் இருக்கிறது, ஆனால் அந்தச் சுவர் உருளும். கப்பல் ஒரு பக்கம் சரியும்போது ஏணி சுவரை விட்டு விலகி ஊஞ்சலாடும், மறு பக்கம் சரியும்போது மனிதரோடு சேர்த்துச் சுவரில் மோதும். வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கொழும்புக்கு வெளியே கடல் எப்படி இருக்கும் என்று கரையில் நின்று அலையைப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

இதனால் இந்த ஏணிக்குச் சர்வதேச விதிகள் மில்லிமீற்றர் கணக்கில் இருக்கின்றன. சோலாஸ் எனப்படும் கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கையும் அதையொட்டிய விதிகளும் சொல்வதன்படி, படிக்குப் படி இடைவெளி 31 முதல் 35 சென்ரிமீற்றர். கீழே உள்ள நாலு படிகள் ரப்பரில் இருக்கலாம், படகு இடித்தாலும் உடையாது. ஐந்தாவது படி சாதாரணப் படியல்ல, குறைந்தது 1.8 மீற்றர் நீளமான பலகை. அதற்குமேல் ஒன்பது படிக்குள் மறுபடி அப்படி ஒரு நீளப் பலகை வர வேண்டும். எதற்கு? கயிற்றேணி முறுக்கிக்கொண்டால் ஏறுகிறவர் முதுகு கப்பல் பக்கம் திரும்பிவிடும். நீளப் பலகை கப்பலின் பக்கத்தில் படுத்துக்கொண்டு முறுக்கைத் தடுக்கும். ஏற வேண்டிய உயரம் 9 மீற்றரைத் தாண்டினால் கயிற்றேணி மட்டும் போதாது. மேற்பகுதிக்குக் கப்பலின் பக்கவாட்டில் சரிவாக இறக்கிய படிக்கட்டு ஒன்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

படகிலிருந்து ஏணிக்குக் கால் மாற்றுவது அலை உச்சிக்கு வரும் நேரத்தில். படகு கீழே இருக்கும்போது ஏணியில் தொற்றினால், அடுத்த அலை படகைத் தூக்கிக்கொண்டு வந்து காலை நசுக்கும். உச்சியில் தொற்றினால் படகு தானாகக் கீழே இறங்கி விலகிவிடும். சாகசம் என்று இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. இவ்வளவு விதி இருந்தும், கட்டிய இடம் சரியில்லாமலும் கயிறு உக்கிப்போயும் பைலட்மார் விழுந்து இறப்பது உலகத்தில் இன்னும் நடக்கிறது. படிகள் நன்றாக இருந்தும், கட்டிய நுனியில் கோளாறு இருந்தால் போதும்.

தேனுக்கும் சிகரத்துக்கும்

மனிதர் ஆபத்தான உயரத்துக்கு ஏணி வைத்த பழைய காரணங்களில் ஒன்று தேன். ஸ்பெயினில் வலென்சியா பகுதியின் பிகோர்ப் என்ற ஊருக்கு அருகே உள்ள ஒரு குகையில், கொடி போன்ற ஒன்றைப் பற்றித் தொங்கிக்கொண்டு தேன்கூட்டில் கைவிடும் ஒருவரின் பாறை ஓவியம் இருக்கிறது. சுற்றிலும் தேனீக்கள். பல ஆயிரம் ஆண்டு பழையது. நம் பக்கத்தில் பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம் இதே வேலையைச் சொல்கிறது. குரங்கும் ஏற வழியில்லாமல் திகைக்கும் செங்குத்து மலையில், நிலையாக அமைத்த மால்பின் வழியே போய்த் தேனைக் கொள்ளை கொள்வார்களாம். உரைகாரர்கள் மால்பு என்பதைக் கண்ணேணி என்கிறார்கள். மூங்கிலின் கணுவில் முளைத்த கிளைகளை ஒட்ட வெட்டாமல் ஒரு சாண் விட்டால் அதுவே படி, நெட்டுக்கு இரண்டு கால்கூடத் தேவையில்லை. இலங்கை வேடர்கள் செய்தது இதற்கு மறுபக்கம். கொடிகளால் பின்னிய ஏணியைப் பாறை உச்சியிலிருந்து கீழே தொங்கவிட்டு, புகை காட்டி மலைத்தேனீயை விரட்டித் தேன் எடுப்பார்கள். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியின் ஆய்வில் இது விவரமாக இருக்கிறது. மேலே கொடியைக் கட்டிய இடத்தைக் காப்பவர் யார் என்பதில்தான் கீழே தொங்குகிறவரின் உயிர் இருக்கிறது.

சிகிரியாவின் பெண்கள் ஓவியங்கள் பல நூற்றாண்டு யாரும் கிட்டப் போக முடியாத குகைப் பொந்தில் இருந்தவை. 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தின் பொறியியலாளர் மரே, பாறையில் துளையிட்டு இரும்புக் கோல்களைப் பொருத்தி மேலே ஏறி அவற்றைப் பிரதி எடுத்தார். இன்றைக்கு நாம் சுழல் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறோம்.

எவரெஸ்ட்டுக்கு வருவோம். திபெத் பக்கப் பாதையில் 8,600 மீற்றருக்கு மேல் 'இரண்டாம் படி' எனப்படும் பாறைச் சுவர் இருக்கிறது. 1960இல் சீன அணியினர் அதை ஏணியில்லாமல் ஏறினார்கள், அதாவது மனிதரையே ஏணியாக வைத்து. சூ யின்ஹுவா என்பவர் தோழரின் தோளை ஆணிச் சப்பாத்தால் மிதிக்க மனமில்லாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார், உறைபனியில் கால்விரல்களை இழந்தார். 1975இல் இன்னொரு சீன அணி அங்கே அலுமினிய ஏணி ஒன்றைப் பொருத்தியது. அதன் பிறகு அந்த வழியாகச் சிகரத்துக்குப் போன பெரும்பாலானோர் ஏணியில் ஏறித்தான் போயிருக்கிறார்கள்.

நேபாளப் பக்கத்தில் ஏணி படுத்துக் கிடக்கும். கும்பு பனி அருவியில் பனி பிளந்து கிடங்குகள் விழுந்திருக்கும். அவற்றின் குறுக்கே அலுமினிய ஏணிகளை, ஒன்று போதாவிட்டால் இரண்டு மூன்றைத் தலைக்கு வால் கட்டி, பாலமாகப் போடுவார்கள். ஏணியின் இரண்டு நுனியும் பனியில், அந்தப் பனியோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஏறும் பருவம் முழுக்க ஏணிகளைச் சரிபார்த்து மாற்றிப் போடவென்றே ஷெர்ப்பாக்களின் குழு ஒன்று இருக்கிறது. அவர்களைப் பனி அருவி டொக்டர்கள் என்பார்கள். 2016 மே 21இல் எவரெஸ்ட் சிகரத்தில் நின்ற முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால இந்த வழியாகத்தான் போனார். ஆணிச் சப்பாத்தோடு ஏணிப் படிகளில் நடப்பது எப்படி என்பதை முதலில் பழக வேண்டும். ஆணிகளுக்கு நடுவே படி வந்து பொருந்தும்படி பாதம் வைக்க வேண்டும்.

சாய ஒன்றுமில்லாத ஏணிகள்

ஓவியரும் சிற்பியும் ஏணியை எடுத்தால் அநேகமாக முதலில் செய்வது, மேல் நுனியில் சுவரை எடுத்துவிடுவது. விவிலியத்தில் யாக்கோபு கண்ட கனவில் ஏணியின் கால் தரையில், தலை வானத்தில். தேவதூதர்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்களாம். சீனாய் மலையடியில் உள்ள புனித கத்தரீன் மடத்தில் 12ஆம் நூற்றாண்டுத் திருவோவியம் ஒன்று உண்டு. முப்பது படி ஏணியில் துறவிகள் ஏறுகிறார்கள், உச்சியில் இயேசு நிற்கிறார், கரிய பிசாசுகள் கயிறு போட்டும் அம்பு எய்தும் ஏறுகிறவர்களைக் கீழே இழுக்கின்றன. உச்சிக்கு அருகே போனவரும் விழுகிறார் என்பதை அந்த ஓவியர் மறக்காமல் வரைந்திருக்கிறார். பௌதிகமும் அதையே சொல்கிறது.

எனக்குப் பிடித்தது பர்ஹுத் சிற்பம். மத்திய இந்தியாவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் செதுக்கியது, இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தர் தாவதிம்சம் என்ற தேவர் உலகில் தாய்க்குத் தர்மம் உபதேசித்துவிட்டு சங்கிசா என்ற இடத்தில் மூன்று ஏணிகள் வழியே பூமிக்கு இறங்கினார் என்பது கதை. அந்தக் காலத்தில் புத்தரை மனித உருவில் செதுக்கும் வழக்கம் இல்லை. சிற்பி என்ன செய்தார்? நடு ஏணியின் மேற்படியில் ஒரு பாதச்சுவடு, அடிப்படியில் ஒரு பாதச்சுவடு, நடுவில் ஒன்றுமில்லை. இறங்கிவிட்டார் என்பது பார்க்கிறவருக்குப் புரிந்துவிடுகிறது. இரண்டு நுனியும் போதும் என்று அவரும் நினைத்திருக்கிறார்.

யாரும் ஏறாத ஏணி ஜெருசலேமில் இருக்கிறது. திருக்கல்லறைத் தேவாலயத்தின் வாசலுக்கு மேலே, ஜன்னலடி விளிம்பில், ஒரு சின்ன மர ஏணி. 1728ஆம் ஆண்டின் செதுக்குப் படத்திலேயே அங்கே ஓர் ஏணி தெரிகிறது. அந்தத் தேவாலயத்தை ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் பங்கிட்டுப் பயன்படுத்துகின்றன. எல்லோரும் சம்மதிக்காமல் பொது இடத்தில் எதையும் அசைக்கக் கூடாது என்பது ஒட்டோமன் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. ஏணியை எடுக்க யாருக்கு உரிமை என்று தீர்மானிப்பதைவிட, அது இருந்த இடத்திலேயே இருப்பது சுலபம். கொழும்பில் கூட்டுச் சொத்துக்காரர் வீட்டுக் கிணற்றடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நவீனக் கலையில் மூன்றை மட்டும் சொல்கிறேன். 1966இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் ஜப்பானியக் கலைஞர் யோக்கோ ஓனோ ஒரு மடக்கு ஏணியை வைத்தார். ஏறி, கூரையில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், மிகச் சிறிய எழுத்தில் 'ஆம்' என்று இருக்கும். ஏறிப் பார்த்தவர்களில் பீட்டில்ஸ் பாடகர் ஜோன் லெனன் ஒருவர், இருவரும் சந்தித்ததே அப்போதுதான். அமெரிக்கச் சிற்பி மார்ட்டின் பியூரியர் 1996இல் செய்த மர ஏணி 36 அடி நீளம். மேலே போகப் போகக் குறுகி, நுனியில் கால் வைக்கவே இடமில்லை. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர்களைப் படித்து உழைத்து முன்னேறச் சொன்ன புக்கர் டி. வொஷிங்டனின் பெயரை அதற்கு வைத்தார். ஏணி இருக்கிறது ஏறுங்கள் என்று சொல்வது சுலபம், ஏறுவது சுலபமா என்ற கேள்வி அதில் இருக்கிறது. சீனக் கலைஞர் சாய் குவோ-சியாங் 2015இல் சீனக் கரையோரத்தில் 500 மீற்றர் ஏணியொன்றைப் பலூனில் கட்டி வானத்தில் தூக்கி, வெடிமருந்தால் கீழிருந்து மேலாகப் பற்றவைத்தார். நூறு வயதான பாட்டிக்காகச் செய்தது. பார்க்க அழகுதான், ஆனால் பியூரியருடையதுதான் என்னை விடாமல் பிடிக்கிறது.

பேச்சில் வரும் ஏணி

ஏணி வைத்தாலும் எட்டாது என்கிறோம். பிரியாவிடைக் கூட்டத்தில் ஆசிரியரை ஏணி என்கிறோம், அவர் நின்ற இடத்தில் நிற்க மாணவர் மேலே போய்விடுவார்களாம். (ஆசிரியர்களுக்கு இந்தப் பாராட்டு பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.) அரசாங்க உத்தியோகத்தில் மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம் என்று ஏறுவதும் ஏணிதான். இந்த உவமைகள் எல்லாம் படிகளைப் பற்றியே பேசுகின்றன. சாய்ந்திருக்கும் சுவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்ற நம் சொல்வழக்கைப் பொருளாதாரத்தில் ஜெர்மனியரான ஃபிரெடரிக் லிஸ்ட் 1841இல் எழுதினார். காப்பு வரிகளால் தன் தொழில்களை வளர்த்துக்கொண்ட நாடு, மேலே போனதும் மற்ற நாடுகளுக்குத் தடையில்லா வர்த்தகத்தைப் போதிப்பது ஏணியை உதைப்பதுதான் என்றார். அவர் குறிப்பிட்டது பிரித்தானியாவை. 2002இல் தென் கொரியப் பொருளியலாளர் ஹா-ஜூன் சாங் அதையே எடுத்து விரித்து எழுதினார். நம் நாட்டின் கதை இன்னும் சுருக்கம். உலக வங்கி 2019இல் இலங்கையை உயர்-நடுத்தர வருமான நாடு என்று ஒரு படி ஏற்றியது, 2020இல் கீழ்-நடுத்தரத்துக்கு இறக்கியது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஏறுவதும் இறங்குவதும் என்றதும் பரமபதம் நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் பலகையில் ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீயவை, உச்சியில் பரமபதம். 1890களில் இங்கிலாந்துக்குப் போய்ப் பிள்ளைகள் விளையாட்டாகிவிட்டது. முயற்சிக்கு இதை உதாரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடுகிறவர் எதையும் தீர்மானிப்பதில்லை. தாயக்கட்டை சொல்கிறது, காய் போகிறது. வினைப்பயனுக்கு உதாரணம் என்றால் பொருத்தம்.

தத்துவத்தில் ஒரு ஏணி உண்டு. விட்கென்ஸ்டைன் 1921இல் வெளியிட்ட தன் நூலின் முடிவில், என் வாக்கியங்கள் வழியாக ஏறி அவற்றைத் தாண்டிப் போனவர் அவை பொருளற்றவை என்று கண்டுகொள்வார், ஏறி முடிந்ததும் ஏணியை வீசிவிட வேண்டும் என்றார். மேலே நிற்க உறுதியான தளம் இருந்தால் வீசலாம். நூறு வருடமாகத் தத்துவக்காரர்கள் அந்தத் தளம் இருக்கிறதா என்றுதான் சண்டை பிடிக்கிறார்கள்.

கடைசியாக, வங்கியில் நிலையான வைப்பு வைத்திருப்பவர்களுக்கு உதவக்கூடிய ஏணி ஒன்று. கையில் 10 இலட்சம் ரூபா இருக்கிறது என்றால் முழுவதையும் ஐந்து வருடத்துக்குப் போட வேண்டாம். இரண்டு இலட்சமாகப் பிரித்து ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஐந்து வைப்பாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் முதிரும்போது அதை மறுபடி ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். நாலு வருடத்துக்குப் பிறகு எல்லாமே ஐந்து வருட வைப்பாகிவிடும், ஆனால் வருடத்துக்கு ஒன்று முதிர்ந்து கைக்கு வரும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, எல்லாப் பணத்தையும் பழைய வட்டிக்கு நீண்ட காலம் கட்டிப்போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். இப்படிப் பிரித்துப் போட்டிருந்தால் ஒரு படியையாவது அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் புதிய வட்டிக்கு மாற்றியிருக்கலாம்.

இந்த ஏணியும் எதிலோ சாய்கிறது. கூடுதல் வட்டி தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்குரிய உச்ச இழப்பீடு 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு என்ற கணக்கு. ஐந்து வைப்பையும் ஒரே இடத்தில் போட்டால் ஐந்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.